குப்பிக்கு வந்த பெருநாள் உடுப்பு

மடிப்பு வைத்துத் தைத்த பாவாடை உங்களுக்கு நினைவிருக்கும். அறுபதைத் தொட்டுக்கொண்டிருக்கிற நம் வயதுக்காரிகளுக்கு அதை விளக்க வேண்டியதில்லை. பெருநாளைக்குத் தைக்கும் பாவாடையின் அடியில் இரண்டு மடிப்பை உள்பக்கமாகப் பிடித்துத் தைத்துவிடுவார்கள். அடுத்த வருஷம் ஒன்றைப் பிரித்துவிட்டால் நாலு விரல் நீளம் கிடைக்கும். பிரித்த இடம் மட்டும் வெளுக்காமல் பளிச்சென்று தெரியும். அந்தக் கோட்டைப் பார்த்தே இந்த வருஷம் யார் வீட்டில் புதுத்துணி இல்லை என்று தெரு தெரிந்துகொள்ளும். அதைப் புத்தகப் பையால் மறைத்துக்கொண்டு நடந்தவர்கள்தானே நாமெல்லாம்?

நான் சொல்ல வந்தது என் பாவாடையைப் பற்றி அல்ல. எனக்குப் பத்து வயதாக இருந்தபோது என் குப்பிக்கு வந்த ஓர் உடுப்பைப் பற்றி. குப்பி என்றால் அத்தாவின், அதாவது அப்பாவின், தங்கை. எங்கள் வீடுகளில் அத்தையை அப்படித்தான் கூப்பிடுவோம்.

எழுபதுகளின் கடைசி அது. பாகூர் கடைத்தெருவில் அத்தா வாடகை சைக்கிள் கடை வைத்திருந்தார். பின்னால் இரண்டு தெரு தள்ளி வீடு. அத்தா, அம்மா, குப்பி, நான், அவ்வளவுதான் நாங்கள். குப்பிக்கு அப்போது இருபத்தாறு வயது. பத்தொன்பதில் கடலூரில் கட்டிக்கொடுத்தார்கள். எட்டே மாதத்தில் திருப்பி அனுப்பிவிட்டார்கள். மாமியார்க்காரி சொல்லியனுப்பிய காரணம் ஒரே வார்த்தை: மினுக்கி. எந்நேரமும் கண்ணாடி முன்னால் நிற்கிறாள், பூ வைக்கிறாள், ஜாக்கெட்டுக்கு லேஸ் வைத்துத் தைத்துக்கொள்கிறாள், குடும்பத்துக்கு ஆகமாட்டாள். தலாக் ஓலையோடு அந்த வார்த்தையும் எங்கள் வீட்டுக்கு வந்து சேர்ந்தது. அதன்பிறகு ஏழு வருஷமாகக் குப்பி சாம்பல் நிறத்திலும் காப்பிக்கொட்டை நிறத்திலும் மட்டுமே புடவை கட்டினாள். யாரும் கட்டச் சொல்லவில்லை. வேறு நிறம் கட்டு என்றும் யாரும் சொல்லவில்லை.

ஆனால் ஊருக்கெல்லாம் துணி பார்த்துக் கொடுப்பவள் அவள்தான். நோன்பு பாதி தாண்டியதும் எங்கள் தெருப் பெண்கள் ஒவ்வொருவராக வருவார்கள். “கடைக்குப் போறேன், கூட வாம்மா” என்பார்கள். தீபாவளிக்கு முதலியார் வீட்டிலிருந்தும், கிறிஸ்துமஸுக்குத் தையல் மிஷின் வைத்திருந்த கிறிஸ்தவ அக்கா வீட்டிலிருந்தும்கூட ஆள் வரும். குப்பி துணியின் ஓரத்தைக் கைக்குள் கசக்கிப் பிடித்து விட்டுப் பார்ப்பாள். கட்டைவிரலை எச்சிலில் நனைத்துத் தேய்த்துச் சாயம் ஒட்டுகிறதா என்று பார்ப்பாள். கடை டியூப் லைட்டை நம்பமாட்டாள். துணியைத் தூக்கிக்கொண்டு வாசல் வெயிலுக்கு வந்துவிடுவாள். கடைக்காரர்கள் பதறிக்கொண்டு பின்னாலேயே ஓடி வருவார்கள்.

“உன் நெறத்துக்கு மஞ்ச வேணாம்டி. கத்திரிப்பூ எடு. போட்டுகினு நீ தெருவுல வந்தா மூணு வூட்டுக்காரி உன்ன எட்டிப் பாக்கணும்” என்று அவள் சொல்லி எடுத்துக்கொடுத்தால், அந்த மூன்று வீட்டுக்காரிகளும் உண்மையிலேயே எட்டிப் பார்ப்பார்கள்.

அந்த வருஷம் நோன்பு ஆவணியில் வந்தது. ஏரி வற்றிக் கரையோரம் பாளம் பாளமாக வெடித்துக் கிடந்தது. அம்மாவும் குப்பியும் என்னை அழைத்துக்கொண்டு புதுச்சேரிக்கு பஸ் ஏறினார்கள். பெரிய ஜவுளிக்கடை ஒன்றின் வாசலில் கண்ணாடிப் பெட்டிக்குள் ஒரு பொம்மை நின்றது. ரோஸ் நிறத்தில் அது போட்டிருந்ததை அதுவரை நான் பார்த்ததே இல்லை. இடுப்பிலிருந்து முழங்கால் வரை ஒடுக்கமாக இறங்கி, அங்கிருந்து பாவாடை போல விரிந்து தரையைத் தொடும் கால்சட்டை. மேலே குட்டையாக ஒரு குர்தா. தோளில் மெல்லிய துப்பட்டா. ஓரமெல்லாம் தங்க லேஸ், மார்பில் சமிக்கி. மின்விசிறி திரும்பும்போதெல்லாம் சமிக்கி ஒவ்வொன்றும் தனித்தனியாகக் கண் சிமிட்டியது.

“சராராம்மா. பம்பாய் சரக்கு. இப்ப இதான் பேஷன்” என்றார் கடைக்காரர்.

நான் அங்கேயே நின்றுவிட்டேன். எனக்கு இதுதான் வேண்டும் என்று அம்மாவின் முந்தானையை இழுத்தேன். அம்மா என் கையின் உள்பக்கச் சதையைப் பிடித்து ஒரு கிள்ளு கிள்ளினாள். உங்களுக்கும் அந்தக் கிள்ளு தெரிந்திருக்கும்; வெளியே யாருக்கும் தெரியாது, உயிர் போகும்.

“பெரியவங்க சைஸுடி அது. உன்ன மாதிரி ரெண்டு பேரு உள்ள பூந்துக்கலாம்” என்று குப்பி சிரித்தாள். பிறகு அவளும் அந்தப் பொம்மையிடம் கொஞ்ச நேரம் நின்றாள். பெட்டியின் பக்கவாட்டுக் கதவு திறந்திருந்தது. கையை விட்டு ஓரத்தைத் திருப்பி உள்தையலைப் பார்த்தாள். “நல்லா போட்டுருக்கான்” என்றாள். யாரிடம் சொன்னாள் என்று தெரியவில்லை.

எனக்கு வழக்கம்போல பச்சையில் வெள்ளைப் பூப்போட்ட சீட்டித் துணி. வாங்கியதில் மிச்சமாகும் துண்டில் தலையணை உறை தைத்துக்கொள்ளலாம் என்று அம்மா சேர்த்தே வாங்கினாள். அந்தப் பெருநாளைக்கு நானும் எங்கள் வீட்டுத் தலையணைகளும் ஒரே உடுப்பில் இருந்தோம்.

அந்த நோன்பில்தான் குப்பிக்குச் சம்பந்தம் பேசி வந்தார்கள். பள்ளிவாசலில் பாங்கு சொல்லும் மோதினாரின் மனைவி கொண்டுவந்த பேச்சு அது. கொம்யூன் பஞ்சாயத்து ஆபீஸில் ஒரு குமாஸ்தா. அந்த ஆபீஸை எங்கள் ஊர்க் கிழவர்கள் அப்போதும் பிரெஞ்சுக்காரன் காலத்துப் பெயரில் ‘மேரி’ என்றுதான் சொல்வார்கள். மாப்பிள்ளைக்கு வில்லியனூர். தினமும் பஸ்ஸில் வந்து போகிறவர். முதல் மனைவி பிரசவத்தில் போய்விட்டாள், பிள்ளையும் தங்கவில்லை. தாய் தகப்பன் இல்லை. ஒரே அக்கா, அவளும் காரைக்காலில். அவர் ஒருநாள் வீட்டுக்கு வந்து அத்தாவோடு முன்கூடத்தில் உட்கார்ந்து பேசினார். குப்பியைத் தோட்டத்துப் பக்கம் அனுப்பிவிட்டார்கள். கதவிடுக்கில் நின்று நான்தான் பார்த்தேன். கட்டம்போட்ட சட்டை, மடியில் குடை, குனிந்த தலை.

அவர் போன பிறகு அத்தா, “நெதானமான ஆளாத் தெரியுது. பெருநாள் முடிஞ்சி தேதி வச்சிக்கலாம்” என்றார். அம்மா சந்தோஷத்தில் நோன்புக் கஞ்சிக்கு இரண்டு தரம் உப்புப் போட்டுவிட்டாள்.

பேச்சு முடிந்துவிட்டால் பெருநாளைக்கு மாப்பிள்ளை வீட்டிலிருந்து பெண்ணுக்கு உடுப்பும் இனிப்பும் வரவேண்டும். அதுதான் முறை. மாப்பிள்ளை வீட்டில் அதை எடுத்துக் கொடுக்கப் பெண்பிள்ளை யாரும் இல்லை. அதனால்தான் அவர் என்னிடம் வந்தார்.

மாலை அஸர் தொழுகைக்குப் பிறகு கஞ்சி வாங்கத் தூக்குவாளியோடு பள்ளிவாசலுக்குப் போவது என் வேலை. அன்று திரும்பி வரும்போது பஸ் ஸ்டாப் புளியமரத்தடியில் அவர் நின்றுகொண்டிருந்தார். என்னைக் கண்டதும் இரண்டடி முன்னால் வந்தார். சட்டைப் பையிலிருந்து ஆரஞ்சு மிட்டாய் எடுத்து நீட்டினார்.

“நான் நோன்பு” என்றேன். மத்தியானம் சோறு தின்றிருந்தேன். எங்களைப் போன்ற பிள்ளைகளுக்கு அரை நோன்புதான். ஆனாலும் சொன்னேன்.

“அப்ப நோன்பு தொறந்துட்டு சாப்புடு” என்று மிட்டாயை என் கையில் வைத்தார். பிறகு பஸ் வரும் பக்கம் ஒருமுறை பார்த்துக்கொண்டார். “உங்க குப்பிக்கு இன்னா புடிக்கும்னு நீதாம்மா சொல்லணும். எனக்கு இதெல்லாம் தெரியாது. அவங்க மனசு கோணாம ஒண்ணு எடுத்துக் குடுக்கணும்.”

நான் யோசிக்கவே இல்லை. இத்தனை வருஷம் கழித்து யோசித்துப் பார்க்கும்போதும் அது அப்படித்தான் தெரிகிறது. வாயில் தயாராக இருந்தது போல வந்தது. புதுச்சேரியில் எந்தக் கடை, வாசலில் கண்ணாடிப் பெட்டி, ரோஸ் சராரா, தங்க லேஸ், எல்லாம் சொன்னேன். “அதான் வேணும்னு சொல்லிகினே இருக்குது குப்பி” என்றும் சேர்த்துக்கொண்டேன்.

“நிச்சயமாவா?”

“அல்லா மேல சத்தியமா.”

என் கணக்கு இதுதான். குப்பி சாம்பல் நிறம் தவிர எதையும் உடுத்தமாட்டாள். சராரா வந்தால் அவளுக்கு உதவாது. உதவாததை வீணாக்கமாட்டார்கள். மிஷின்கார அக்கா வெட்டிச் சின்னதாக்கி எனக்குத் தைத்துக் கொடுத்துவிடுவாள். பத்து வயதில் அந்த ஏற்பாட்டில் ஒரு குறையும் எனக்குத் தெரியவில்லை.

பெருநாளுக்கு மூன்று நாள் இருக்கும்போது மோதினார் மனைவி அட்டைப்பெட்டியும் இனிப்புத் தட்டுமாக வந்தாள். அத்தா கடையில் இருந்தார். அம்மா பாய் விரித்து, பெட்டியைக் கட்டியிருந்த சணலைப் பிரித்தாள். மேலே இருந்த வெள்ளைத் தாளை எடுத்ததும் அந்த ரோஸ் நிறம் கூடம் முழுக்கப் பரவியதுபோல இருந்தது. மோதினார் மனைவி வாயைப் பொத்திக்கொண்டாள்.

“நான் பொடவன்னுதான் நெனச்சேன். பெட்டிய நான் பிரிக்கல” என்றாள்.

“இத எப்பிடி அவருகிட்ட காட்டறது?” என்றாள் அம்மா. அவர் என்றது அத்தாவை.

குப்பி மட்டும் குனிந்து அதன் ஓரத்தைத் தொட்டாள். முகத்தில் எதுவும் தெரியவில்லை. “அண்ணன் வர்றதுக்குள்ள அளவு மட்டும் பாத்துடறேன் அண்ணி” என்று பெட்டியைத் தூக்கிக்கொண்டு உள்ளறைக்குப் போனாள். என்னையும் வரச் சொன்னாள். முதுகுக் கொக்கி மாட்ட ஆள் வேண்டுமே.

அந்த அறையில் ஜன்னல் ஒன்றுதான். அதில் வந்த வெயிலில் நின்று உடுத்தினாள். நான் கொக்கிகளை மாட்டினேன். ஏழு கொக்கி. புதுத்துணியின் கஞ்சி வாசனையும், நோன்பிருந்த அவள் வாயின் வறண்ட வாசனையும் எனக்கு இன்னும் மூக்கில் இருக்கிறது. தைத்து எடுத்துவந்த மாதிரி இருந்தது அவளுக்கு. எங்கும் பிடிக்கவில்லை, எங்கும் தொங்கவில்லை. எங்கள் வீட்டுக் கண்ணாடி அத்தா சவரம் செய்துகொள்ளும் கையகலக் கண்ணாடி. அதில் முழு ஆள் தெரியாது. என் கையில் கொடுத்துப் பிடிக்கச் சொன்னாள்.

“தோளுகிட்ட புடி. ம். கொஞ்சம் கீழ. இன்னும் கீழ. இடுப்புகிட்ட. அப்படியே நிறுத்து. இப்ப ஓரத்துக்கு வா. ஆடாத புடிடி.”

துண்டு துண்டாக அவள் தன்னைப் பார்த்துச் சேர்த்துக்கொண்டாள். பிறகு துப்பட்டாவைத் தலையில் போட்டுக்கொண்டு மெதுவாக ஒரு சுற்றுச் சுற்றினாள். அடிப்பக்கம் விரிந்து என் காலைத் தடவிக்கொண்டு போனது. குப்பி சிரித்தாள். மற்றவர்களுக்கு எடுத்துக்கொடுக்கும்போது சிரிக்கும் சிரிப்பல்ல. அப்படி அவள் சிரித்து நான் பார்த்ததில்லை. எங்கள் தெருவில் அவ்வளவு அழகானவள் ஒருத்தி இருந்தாள் என்பதே எனக்கு அப்போதுதான் தெரிந்தது.

“எவ்ளோ சரியா எடுத்துருக்காரு பாரேன்” என்றாள். “ஒரு ஆம்பளைக்கு எப்பிடித் தெரிஞ்சிது?”

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். அந்த நிமிஷம் எனக்கு வயிறு எரிந்தது. இதை இவள் கொடுக்கமாட்டாள், வெட்டவும் விடமாட்டாள், எனக்குக் கிடைக்கப்போவதில்லை என்று புரிந்தது. இது திரும்பிப் போய்விட்டால் நல்லது என்று நினைத்தேன். கண்ணாடியைப் பிடித்துக்கொண்டே நினைத்தேன்.

அத்தா நோன்பு திறக்கும் நேரத்துக்குச் சற்று முன்னால் வந்தார். மறைப்பதற்கு அம்மா ஏதோ முயன்றாள். ஆனால் பெட்டி பாயிலேயே இருந்தது. குப்பிதான் மடித்துக் கொண்டுவந்து வைத்திருந்தாள். அத்தா சைக்கிள் எண்ணெய் படிந்த கையோடு குனிந்து, விரல் படாமல் தாளை மட்டும் நகர்த்திப் பார்த்தார்.

“இன்னா இது?”

“மாப்ள வூட்டுலேந்து” என்றாள் அம்மா.

“இது குடும்பத்துப் பொம்பளைக்கு எடுக்கற துணியா? கூத்தாடிக்கு எடுக்கறது. மொத நாளே அவன் மனசு எங்க இருக்குதுன்னு காட்டிட்டான் பாரு. நெதானமான ஆளுன்னு நெனச்சேன் நான்.” குரலை உயர்த்தவில்லை. அத்தாவுக்கு உண்மையான கோபம் வந்தால் குரல் தாழ்ந்துவிடும். “காலைல நானே கொண்டுபோயி அவன் மேசையில வச்சிட்டு வந்துடறேன். சம்பந்தமும் வாணாம், ஒண்ணும் வாணாம்.”

“தெரியாத்தனமா எடுத்துருப்பாருங்க. யாராவது தப்பா சொல்லிக் குடுத்துருப்பாங்க” என்றாள் அம்மா.

நான் அரிசிக் குதிருக்குப் பின்னால் நின்றிருந்தேன். நான்தான் அத்தா சொன்னேன், அவர் கேட்டார், நான் பொய் சொன்னேன். இவ்வளவுதான் வேண்டியிருந்தது. இரண்டு அறை விழுந்திருக்கும். அதோடு போயிருக்கும். அடிக்குப் பயந்து வாயை மூடிக்கொண்டேன் என்றுதான் வெகுகாலம் எனக்கு நானே சொல்லிவந்தேன். பயம் பாதிதான். மீதிப் பாதியை உங்களிடம் முன்பே சொல்லிவிட்டேன்.

அப்போது குப்பி உள்ளறை வாசலுக்கு வந்து நின்றாள். சாம்பல் புடவையில்தான் இருந்தாள்.

“அண்ணே. எனக்குப் புடிச்சிருக்குது.”

வீட்டுக்குத் திரும்பி வந்த ஏழு வருஷத்தில் அவள் அத்தாவிடம் தனக்கென்று கேட்டது அது ஒன்றுதான். அத்தா அவளை நிமிர்ந்து பார்த்தார். அந்தப் பார்வை எனக்கு அப்போது கோபமாகத் தெரிந்தது. இப்போது நினைத்தால் அது கோபமில்லை. தங்கை இரண்டாம் தடவையும் திரும்பி வந்து வாசலில் நிற்பதை அவர் அந்த நொடியில் பார்த்திருக்கவேண்டும். ஆனால் அவர் வாயிலிருந்து வந்தது வேறு.

“அப்ப கடலூர்காரங்க பொய் சொல்லல.”

சொன்னதும் அவருக்கே தெரிந்துவிட்டது. சொன்ன வாயைத் துடைத்துக்கொள்வதுபோலப் புறங்கையால் துடைத்துக்கொண்டார். உதட்டோரம் கருப்பு எண்ணெய் ஒட்டியது. பள்ளிவாசலில் பாங்கு சொன்னார்கள். குப்பி வந்து எல்லோருக்கும் கஞ்சி ஊற்றினாள். அத்தாவுக்குப் பேரீச்சம்பழத்தைக் கொட்டை எடுத்துக் கொடுத்தாள். தானும் ஒரு வாய் தண்ணீர் குடித்தாள்.

காலையில் அத்தா பெட்டியை சைக்கிள் கேரியரில் வைத்துக் கட்டிக்கொண்டு போனார். ஆபீஸில் நடந்ததைப் பின்னால் அந்த ஆபீஸ் பியூன், பஞ்சர் ஒட்ட வந்தபோது, கடைக்குச் சோறு கொண்டுவந்திருந்த அம்மாவிடம் சொன்னான். அத்தா பெட்டியை மேசையில் வைத்து, “இதப் போடற பொம்பள எங்க வூட்டுல யாரும் இல்ல” என்றாராம். நாலு பேர் பார்த்துக்கொண்டிருந்தார்களாம். மாப்பிள்ளை எழுந்து நின்று, “மன்னிச்சிக்குங்க” என்று மட்டும் சொன்னாராம்.

அவர் என் பெயரைச் சொல்வார் என்று ஒரு வாரம் காத்திருந்தேன். வாசலில் யார் சைக்கிளை நிறுத்தினாலும் கதவிடுக்கில் போய் நின்று பார்ப்பேன். அவர் சொல்லவில்லை. உங்கள் வீட்டுப் பிள்ளைதான் சொன்னது என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அவர் தப்பித்திருப்பார், குப்பியும் தப்பித்திருப்பாள். பத்து வயதுப் பிள்ளையை அடிக்கு விடவேண்டாம் என்று நினைத்தாரோ, அல்லது குப்பியே சொல்லியனுப்பிக் கேட்டுவிட்டு இப்போது மாற்றிப் பேசுகிறாள் என்று நினைத்து அவள் மானத்தைக் காத்தாரோ. இரண்டாவதுதான் என்று எனக்குத் தோன்றும் நாட்களில் சாப்பாடு இறங்காது.

பெருநாள் வந்தது. குப்பி எனக்கு எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டி, பச்சைப் பாவாடை சட்டை போட்டுவிட்டு, மருதாணி வைத்த கையை எல்லோரிடமும் காட்டிவிட்டு வரச் சொன்னாள். அவள் காப்பிக்கொட்டை நிறப் புடவை கட்டியிருந்தாள். கறி வெந்துகொண்டிருந்தது. தெருப் பெண்கள் வந்து, அவள் எடுத்துக்கொடுத்த துணிகளை உடுத்திக்கொண்டு அவள் முன்னால் திரும்பித் திரும்பிக் காட்டினார்கள். “நல்லாருக்குது, நல்லாருக்குது” என்று எல்லோரிடமும் சொன்னாள். அடுத்த வருஷம் நோன்பு பாதி தாண்டி அவர்கள் வந்து கூப்பிட்டபோது, “நான் வரலம்மா. உங்களுக்குப் புடிச்சத எடுங்க. புடிச்சத எடுத்தாத்தான் நல்லாருக்கும்” என்றாள். அதன்பிறகு யாருக்கும் அவள் துணி பார்க்கப் போகவில்லை.

அவரை நான் இன்னும் ஒரே ஒரு முறைதான் பார்த்தேன். பெருநாள் கழிந்து பள்ளிக்கூடம் விட்டு வரும்போது அதே புளியமரத்தடியில் நின்றார். என்னைப் பார்த்தார். நான் நின்றுவிட்டேன். திட்டுவார் என்று நினைத்தேன். திட்டியிருந்தால் அழுதுகொண்டே வீட்டுக்கு ஓடி எல்லாவற்றையும் கொட்டியிருப்பேன். அவர் பஸ் வரும் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார். சில மாதத்தில் காரைக்காலுக்கு மாற்றல் வாங்கிக்கொண்டு போய்விட்டார் என்று கேள்விப்பட்டோம். அங்கேயே யாரையோ கட்டிக்கொண்டாராம்.

குப்பிக்கு மூன்று வருஷம் கழித்துத் திண்டிவனம் பக்கம் ஒரு அரிசி வியாபாரியைப் பார்த்து முடித்தார்கள். அவருக்கு ஐம்பது வயது, மூன்று பிள்ளைகள். அவளுக்கென்று பிள்ளை இல்லை. அந்த மூன்றையும் வளர்த்தாள், அந்த மனுஷனைப் படுக்கையில் பத்து வருஷம் பார்த்தாள். அவர் போன பிறகு பிள்ளைகள் வீட்டை விற்றுப் பங்கு போட்டுக்கொண்டு, குப்பியை ஆளுக்கு நாலு மாதம் என்று வைத்துக்கொண்டார்கள். எனக்கு அது பொறுக்கவில்லை. வில்லியனூரில் நான் இருந்த வீட்டுக்கு அழைத்து வந்துவிட்டேன். நன்றிக்கடன் என்று சொந்தக்காரர்கள் என்னைப் புகழ்ந்தார்கள். கேட்டுக்கொண்டிருப்பேன்.

அத்தா கடைசிக் காலத்தில் கொம்யூன் ஆபீஸ் இருந்த தெரு வழியாகப் போகவே மாட்டார். ஏரிக்கரையைச் சுற்றிக்கொண்டு போவார். ஏன் என்று அம்மா கேட்டதில்லை. அவரும் சொன்னதில்லை. ஒவ்வொரு பெருநாளைக்கும் திண்டிவனத்துக்குக் குப்பிக்குப் புடவை எடுத்து அனுப்புவார். கடையில் நிறம் சொல்லத் தெரியாமல் வெகுநேரம் நிற்பார். கடைசியில் நீலம் எடுப்பார்.

குப்பி என்னோடு ஆறு வருஷம் இருந்தாள். அவள் போய் நாலு வருஷமாகிறது. போவதற்கு முந்தைய வருஷம், நோன்பில் ஒரு மத்தியானம், அவளுக்குக் கால் நகம் வெட்டிக்கொண்டிருந்தேன். அவளால் குனிய முடியாது. நான் தரையில் உட்கார்ந்திருந்தேன், அவள் கட்டிலில். தலையைத் தூக்காமல் இருக்கலாம் என்பதாலோ என்னவோ, அன்று சொல்லிவிட்டேன். ஆரஞ்சு மிட்டாயிலிருந்து அரிசிக் குதிர் வரைக்கும். கண்ணாடி பிடித்தபோது நினைத்ததையும் சொன்னேன்.

குப்பி காலை இழுத்துக்கொள்ளவில்லை. அடிக்கப்போகிறாள் என்று, ஐம்பது வயதுக்கு மேல் ஆன எனக்குத் தோன்றியது. அடித்தால் நல்லது என்றும் தோன்றியது.

“எந்த எடத்துல நின்னுகினு கேட்டாரு?” என்றாள்.

“பஸ் ஸ்டாப்புல. புளியமரத்தாண்ட.”

“இன்னான்னு கேட்டாரு? அப்பிடியே சொல்லு.”

“உங்க குப்பிக்கு இன்னா புடிக்கும்னு நீதாம்மா சொல்லணும். அவங்க மனசு கோணாம ஒண்ணு எடுத்துக் குடுக்கணும். இதான் குப்பி சொன்னாரு.”

“மனசு கோணாமன்னா சொன்னாரு?”

“ஆமா குப்பி.”

“இன்னொருவாட்டி சொல்லு.”

சொன்னேன். அவள் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தாள். உதடு லேசாக அசைந்தது. என்னோடு சேர்ந்து சொல்லிப் பார்க்கிறாள் என்று புரிந்தது.

“அவரு பேசி நான் கேட்டதே இல்லடி” என்றாள். “குரலு எப்பிடி இருந்துச்சி?”

கட்டம்போட்ட சட்டை எனக்கு நினைவிருந்தது. மிட்டாய் வைத்த கையில் மசிக்கறை இருந்ததுகூட நினைவிருந்தது. குரல் இல்லை. எவ்வளவு தேடியும் இல்லை.

“நல்லா இருந்துச்சி குப்பி. மெதுவா, நல்லா இருந்துச்சி” என்றேன்.

குப்பி தலையை ஆட்டிக்கொண்டாள். பிறகு அடுத்த காலை நீட்டினாள்.